தாது வருஷமும் மத்தி மீனும்

திண்டுக்கல்லில் இருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். மேற்கே பழனி மலை, கிழக்கே சிறுமலை, நடுவில் மானாவாரிக் காடு. கடல் என்றால் நமக்கு சோலைஹால் ரோடு மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் வந்து இறங்கும் மீனும், கருவாட்டுக் கடையும்தான். கடல் சூடாகுது, மீன் குறையுது என்று யாராவது பேச ஆரம்பித்தால், "அது ராமேஸ்வரத்துக்காரங்க கவலை" என்று சொல்லிவிட்டுப் போவது நம்ம ஊர் வழக்கம்.

கொஞ்ச காலமாக இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் படித்துக் குறிப்பு எடுத்து வந்தேன். ஒன்று, 1876-78 பஞ்சம். இன்னொன்று, மத்தி மீன் வரத்தின் ஏற்ற இறக்கம். இரண்டு நோட்டும் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து முட்டின. அந்த இடம் கடல். அதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறேன்.

தாது வருஷம்

1876 ஏப்ரலில் தாது வருஷம் பிறந்தது. அப்போது திண்டுக்கல், மதுரை ஜில்லாவின் ஒரு தாலுகா. தென்மேற்குப் பருவமழையைப் பழனி மலை பெரும்பாலும் மறித்துக்கொள்வதால், நம்ம சமவெளியில் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான். அந்த வருஷம் முதலில் தென்மேற்கு ஏமாற்றியது. பிறகு வடகிழக்கும் கைவிட்டது. அடுத்த வருஷம், 1877-ல், தென்மேற்கு மறுபடி பொய்த்தது. 1877 புரட்டாசி, ஐப்பசியில்தான் மழை திரும்பியது. அதற்குள் சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் செத்துப்போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1871-க்கும் 1881-க்கும் நடுவில் மாகாணத்தின் ஜனத்தொகை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது.

மழை இல்லாததால் மட்டும் இத்தனை பேர் சாகவில்லை. திண்டுக்கல்லுக்கு 1875-ல் ரயில் வந்துவிட்டது. 1876-ல் அதே பாதை தூத்துக்குடித் துறைமுகம் வரை போய்விட்டது. தானியத்தைக் கொண்டுவர ஒரு வழி கண்முன்னே இருந்தது. ஆனால் விலைக்கு வாங்கக் கையில் காசு இருந்தவர்களுக்குத்தான் அந்த வழி. இந்தியாவில் இருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு, ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி 1877 தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே சில்லறைக் காசு என்று படி நிர்ணயித்தார். உடல் உழைக்கும் ஆளுக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். மதுரை ஜில்லாவில் இருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள்.

இந்தப் பஞ்சத்தில் கடலின் பங்கு மழையைக் கெடுத்ததோடு சரி. விலை, கூலி, ஏற்றுமதி எல்லாம் மனிதன் வைத்த ஏற்பாடு. இதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். மீன் கதையிலும் இதே கணக்கு திரும்பி வரும்.

சூரியனைப் பார்க்கக் கட்டிய மலை

பஞ்சத்தின் காரணத்தைத் தேடிய அன்றைய அறிவாளிகள் பலர் மேலே பார்த்தார்கள். டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் 1877-ல், சூரியப் புள்ளிகள் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதற்கும் சென்னையின் மழைக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்யரும் அவருடன் சேர்ந்துகொண்டார். சூரியனைத் தினமும் கவனித்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் சேர்ந்து விதை போட்டதுதான் நம்ம மாவட்டத்தில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம். 1895-ல் அடிக்கல், 1899-ல் வேலை தொடக்கம். மிச்சி ஸ்மித் அதன் முதல் தலைவர். 1909-ல் ஜான் எவர்ஷெட் அங்கிருந்துதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

சூரிய இயற்பியலுக்கு அந்த ஆய்வுக்கூடம் கொடுத்தது பெரிய கொடை. ஆனால் பஞ்சத்தை முன்கூட்டிச் சொல்லும் வேலை நடக்கவில்லை. 1904 முதல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. அவர் சூரியப் புள்ளிகளையும் மழையையும் புள்ளிவிவரமாக உரசிப் பார்த்து, தொடர்பு பலவீனம் என்று ஒதுக்கிவிட்டார். அதற்குப் பதிலாக அவர் கண்டது வேறு ஒன்று. பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. தராசுத் தட்டு மாதிரி. தென் அலைவு என்று அதற்குப் பெயர் வைத்தார். தராசை ஆட்டும் கை எது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கடல் மேற்பரப்பின் சூட்டை அளக்க அன்று போதிய கருவி கிடையாது.

மீனவர்கள் வைத்த பெயர்

அந்தக் கைக்குப் பெயர் வைத்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. பெரு நாட்டின் பைட்டா துறைமுகத்துக் கடலோடிகள் கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் வெந்நீரோட்டத்தை 'எல் நினோ', அதாவது குழந்தை இயேசு, என்று கூப்பிட்டார்கள். காமிலோ கரில்லோ என்ற கப்பல் தலைவர் 1892-ல் இதைப் பதிவு செய்தார்.

பெருவின் கரையில் சாதாரண வருஷங்களில் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்துக்கு அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அந்த நீரில்தான் உரம் இருக்கிறது. அதைத் தின்று நுண்பாசி பெருகும், பாசியைத் தின்று நெத்திலி வகை மீன் பெருகும், நெத்திலியைத் தின்று கடற்பறவைகள் பெருகும். எல் நினோ வருஷத்தில் காற்று தளர்ந்து, வெந்நீர் கிழக்கே நகர்ந்து கரையை மூடிக்கொள்ளும். அடியில் இருந்து உரம் மேலே வராது. பாசி குறையும், மீன் கலையும், பறவை பட்டினியில் சாகும். 1970-ல் பெருவில் பிடிபட்ட நெத்திலி சுமார் 120 லட்சம் டன். 1973-ல் அது சுமார் 20 லட்சம் டன்னுக்கும் கீழே போனது. நடுவில் வந்தது 1972-73 எல் நினோ. ஆனால் அதற்கு முன்னாடியே அளவுக்கு மீறி வலை போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் படிக்கணும்.

கடலின் சூடும் வாக்கரின் தராசும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பாகங்கள் என்று ஜேக்கப் பியர்க்னஸ் தெளிவாக எழுதியது 1969-ல்தான். தாது வருஷத்துக்குப் பிறகு 93 வருஷம் கழித்து. பழைய கப்பல் பதிவுகளை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டபோது 1877-78-ல் வந்தது, பதிவில் உள்ள மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று என்று தெரிந்தது. அதற்கு முந்தைய சில வருஷங்கள் பசிபிக் வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்தது. 1877-ல் இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பாதி சூடாகவும் கிழக்குப் பாதி குளிராகவும் மாறியிருந்தது.

இதில் திண்டுக்கல்காரர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. டிவியில் 'எல் நினோ வருது, மழை குறையும்' என்று சொல்வது பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தை மனதில் வைத்து. நம்ம வடகிழக்குப் பருவத்துக்குக் கணக்கு பல சமயம் தலைகீழ். பசிபிக் சூடான வருஷங்களில் தமிழ்நாட்டு ஐப்பசி மழை நன்றாக இருப்பதும், குளிர்ந்த வருஷங்களில் குறைவதும் அதிகம். தாது வருஷத்து வடகிழக்கு பொய்த்ததும், 1877 ஐப்பசி மழை திரும்பியதும் இந்தக் கணக்கோடு ஒத்துப் போகின்றன. இதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021-ல் பசிபிக் குளிர்ந்துதான் இருந்தது, ஆனாலும் இங்கே மழை கொட்டித் தீர்த்தது.

மத்தியின் கதை

சரி, மீனுக்கு வருவோம். பெரு நாட்டு நெத்திலிக்கு நம்ம பக்கத்துச் சொந்தம் மத்தி. சாளை, பேச்சாளை என்று ஊருக்கு ஒரு பெயர். மலபார் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது இதே மாதிரி குளிர்ந்த உரநீர் மேலே வருகிறது. நுண்பாசி பெருகுகிற அந்த நேரத்தை ஒட்டித்தான் மத்தி முட்டையிடுகிறது. சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னலும் ராமசாமி நாயுடுவும் 1920-களில் மத்தியின் வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட நுண்பாசி பெருகும்போது மத்தியும் பெருகுகிறது என்ற கவனிப்பும் உண்டு.

மத்தி ஒரு வருஷம் கரையை நிறைக்கும், இன்னொரு வருஷம் கண்ணில் படாது. 1940-களில் வரத்து ஒரேயடியாக விழுந்தபோது, சென்னை மாகாண அரசு 1943-ல் குஞ்சு மத்தி பிடிக்கும் வலைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. யுத்த காலத்தில், சாப்பாட்டுக்கே பஞ்சமான நேரத்தில், மீனைப் பிடிக்காதே என்று சொல்ல ஓர் அரசு துணிந்ததை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

1985-க்கு முன்பு இந்தியாவின் மத்தியில் பெரும்பகுதி மலபார் கரையில் இருந்துதான் வந்தது. நம்ம கிழக்குக் கரையில் மத்தி பிடிபடுவது அபூர்வம். அதன்பிறகு வடக்கே மகாராஷ்டிரா, குஜராத் பக்கமும், கன்னியாகுமரியைச் சுற்றித் தமிழ்நாடு, ஆந்திரா பக்கமும் மத்தி பரவியது. கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இ. விவேகானந்தனும் அவருடைய சகாக்களும் இதைக் கடல் சூட்டோடு சேர்த்து விளக்கினார்கள். ஒரு காலத்தில் குளிராக இருந்த பகுதிகள் மத்திக்கு ஏற்ற சூட்டுக்கு வந்துவிட்டன. கானாங்கெளுத்தி இடம் மாறியது இன்னொரு விதம். அது ஆழத்துக்கு இறங்கியது. மேல்நீர் மீனான அது, அடிமட்ட இழுவலையில் முன்பைவிட அதிகமாக விழ ஆரம்பித்தது.

இன்றைக்குத் திண்டுக்கல் மார்க்கெட்டில் தமிழ்நாட்டு மத்தி சாதாரணமாகக் கிடைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த இடப்பெயர்ச்சி இருக்கிறது. பஞ்சத்தில் ஜனங்கள் பிழைக்க ஊர் மாறிப் போன மாதிரி, மீனும் ஊர் மாறி வந்திருக்கிறது.

2012 முதல் 2017 வரை

கேரளத்தில் 2012-ல் பிடிபட்ட மத்தி கிட்டத்தட்ட 4 லட்சம் டன். அது ஒரு சாதனை. 2014-ல் 1.55 லட்சம் டன். 2016-ல் 46 ஆயிரம் டன். நடுவில் 2015-16-ல் இன்னொரு பெரிய எல் நினோ. கடல் சூடாகி, பாசி குறைந்து, மத்தி சரியாக வளராமல் முட்டையிடவும் தடுமாறியது. 2021-ல் வரத்து சுமார் 3,300 டன்னாக விழுந்தது. மத்தி இல்லாமல் சோறு இறங்காத கேரளத்துக்குத் தமிழ்நாட்டில் இருந்தும் ஓமனில் இருந்தும் மத்தி போனது.

இதிலும் கடல் மட்டும் குற்றவாளி இல்லை. நல்ல வருஷங்களில் விரல் நீளக் குஞ்சுகளையும் சேர்த்து அள்ளினார்கள். மீன்தூள் ஆலைக்குக் குஞ்சாக இருந்தால் என்ன, தாயாக இருந்தால் என்ன? சூடு வந்து இனப்பெருக்கம் குறைந்த நேரத்தில் கையிருப்புக்குத் தாய்மீனும் போதவில்லை. 2015-ல் கேரள அரசு, 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. 2023-ல் வரத்து மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது.

அதே 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்தன. பவளம் என்பது ஓர் உயிர். அதன் சதைக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் கொடுக்கிறது. கடல்நீர் தாங்கக்கூடிய சூட்டைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெள்ளை எலும்பு மாதிரி நிற்கும். சீக்கிரம் நீர் ஆறினால் பிழைக்கும். ஆறாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, அந்தப் பகுதியில் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்தில் இருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. 1998, 2010, 2016, 2024 என்று பெரிய வெளுப்புகள் வந்திருக்கின்றன. மத்தி இரண்டு மூன்று வருஷத்தில் மீளும் மீன். பவளம் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும். இடைவெளி ஆறு, எட்டு வருஷம் என்றால் அதற்கு நேரம் போதாது. பாறைக்குள் ஒளிந்து வளரும் மீன் குஞ்சுகளுக்கும் அதே கதிதான்.

பவளம் வெளுத்து நாலைந்து மாதத்தில் பசிபிக் குளிர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் கிழக்குப் பாதி சூடாகவும் மேற்குப் பாதி குளிராகவும் திரும்பியது. அந்த வருஷ வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் பெய்தது சுமார் 168 மில்லிமீட்டர். வழக்கமாகப் பெய்வது 440. பற்றாக்குறை 62 சதவீதம். இதற்கு இணையாக ஒரு வருஷத்தைத் தேடியவர்கள் போய் நின்றது 1876-ல், அதே தாது வருஷத்தில். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தக் கோடையில் நம்ம ஊர்த் தெருக்களில் வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் 2017-ல் யாரும் கூட்டமாக இலங்கைக்கு நடந்து போகவில்லை. மழை கிட்டத்தட்ட ஒன்றுதான், விளைவு வேறு. காரணம் ரேஷன் கடை, நூறு நாள் வேலை, லாரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணறு. இதில் கடைசியாகச் சொன்ன ஆழ்துளைக் கிணறு கடன் மாதிரி. நிலத்தடியில் இருந்து எடுத்ததை யாரும் திருப்பிக் கட்டவில்லை. பெரியாறு அணையைக்கூட இந்த வரிசையில் சேர்க்கலாம். பேசிப் பேசித் தள்ளிப்போன திட்டம் தாது வருஷத்துக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. 1895-ல் மேற்கே போகிற நீர் கிழக்கே திரும்பியது. இன்றும் நிலக்கோட்டைப் பக்கம் பேரணையில் அந்தக் கால்வாய் பிரிவதைப் பார்க்கலாம். வடகிழக்கு கைவிட்டால் தென்மேற்கு கொஞ்சமாவது தாங்கட்டும் என்ற ஏற்பாடு அது.

என் கருத்து

எல் நினோ பழங்காலத்து விஷயம். தாது வருஷத்தில் கரிப்புகைக்கு அதில் பெரிய பங்கு கிடையாது. மீனும் மழையும் இந்த ஊசலுக்குப் பழகியவை. இப்போது புதிதாக நடப்பது, ஊசல் தொங்கும் ஆணியே மேலே நகர்வது. கடலின் அடிப்படைச் சூடு ஏறிக்கொண்டே போவதால், முன்பு தாங்கக்கூடியதாக இருந்த எல் நினோ இன்று பவளத்தைக் கொல்கிறது. உலகின் வெப்பமண்டலக் கடல்களில் அரபிக் கடலும் அதை ஒட்டிய மேற்கு இந்தியப் பெருங்கடலும் வேகமாகச் சூடேறுபவற்றில் சேர்த்தி.

கெட்ட வருஷத்தை உண்டாக்குவது கடல். அதைச் சாவாக மாற்றுவதோ தடுப்பதோ நம்ம ஏற்பாடு. 1877-ல் தானியம் ஏற்றுமதியானது. 2012-க்குப் பிறகு குஞ்சு மத்தி மீன்தூளானது. இரண்டிலும் ஒரே பழக்கம்தான்: நல்ல வருஷத்தில் எடுக்கிற அளவை, கெட்ட வருஷத்திலும் குறைக்காமல் எடுப்பது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, குஞ்சு மீனுக்கு அளவு வைப்பது, எல்லாமே அந்தப் பழக்கத்துக்குப் போட்ட கடிவாளம்தான். தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது முணுமுணுக்கும் நாம், அது யாருடைய சேமிப்பு என்று யோசிக்கணும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசியக் கடல் தகவல் சேவை மையம் இன்று மீன் எங்கே கூடும் என்றும், பவளம் எப்போது வெளுக்கும் என்றும் கடல் சூட்டை வைத்து அறிவிப்பு தருகிறது. அந்த அறிவிப்பை ராமேஸ்வரத்தில் படிக்கிறார்கள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி போடுபவரும், வேடசந்தூரில் கிணறு வெட்டுபவரும் படிக்கணும் என்பது என் ஆசை. மார்க்கெட்டில் மத்தி மெலிந்து எண்ணெய்ப் பிடிப்பில்லாமல் வருகிற வருஷத்தில், அடுத்த ஐப்பசிக்குக் கண்மாயைத் தூர்வாரி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. மழை நன்றாகப் பெய்துவிட்டால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான்.